பீட்டரின் பயம் போன கதை

உளவியல் பாடநூல்களில் குட்டி ஆல்பர்ட்டுக்குத் தவறாமல் இடம் உண்டு. பீட்டரைத்தான் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆல்பர்ட் 11 மாதக் குழந்தை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் அவன் முன் ஒரு வெள்ளை எலியை விட்டார்கள். பயமில்லாமல் கை நீட்டினான். அவன் தொட்டதும் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில முறை இப்படி நடந்ததும், சத்தமே இல்லாமல் எலியைக் காட்டினாலும் அழுதபடி தவழ்ந்து விலகினான். சேர்ந்தே வரும் இரண்டில் ஒன்று மற்றதற்கு முன்னறிவிப்பாகிவிடுகிறது. ஆக்கநிலையுறுத்தம் என்பது இதுதான். எலி மீதான பயம் முயலுக்கும் நாய்க்கும்கூடத் தாவியது. 1920-இல் ஆய்வு வெளியானது. ஊட்டிய பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அவன் எப்போது கிளம்புவான் என்று முன்பே தெரிந்திருந்தும் அப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ரேய்னரின் கல்லூரித் தோழி மேரி கவர் ஜோன்ஸ். வாட்சனின் உரையைக் கேட்ட அவர், பழக்கத்தால் வரும் பயத்தைப் பழக்கத்தாலேயே போக்கவும் முடியுமா என்று யோசித்தார். நியூயார்க்கில் அவர் ஆராய்ந்த பீட்டருக்கு வயது இரண்டே முக்கால் கடந்திருந்தது. முயல், எலி, பஞ்சு, இறகு என்று எதைக் கண்டாலும் பயந்தான். முயலிடம் பயமில்லாத பிள்ளைகளோடு விளையாட விட்டதில் கொஞ்சம் தேறினான். இடையில் காய்ச்சலில் படுத்து, இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து வர, பழைய பயம் முழுதாகத் திரும்பிவிட்டது.

ஜோன்ஸ் அவனை உயர நாற்காலியில் உட்காரவைத்து, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். கூண்டில் இருந்த முயலை, அவன் சாப்பிடுவது தடைபடாத தூரம்வரை மட்டும் நெருங்கவிட்டார். நாளாக ஆக அந்தத் தூரம் குறைந்தது. கடைசியில் முயல் அவன் விரலைக் கொறிக்க, அவன் பேசாமல் இருந்தான். பஞ்சு, இறகு மீதிருந்த பயமும் கூடவே போயிற்று. 1924-இல் இது அச்சானது. பின்னாளில் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் உருவாக்கிய படிப்படியான பயநீக்கச் சிகிச்சைக்கு முன்னோடி இதுவே.

அதே ஆண்டு இன்னொரு கட்டுரையில், பல குழந்தைகளிடம் தாம் சோதித்த வழிகளை ஜோன்ஸ் தொகுத்தார். "இதுக்கா பயப்படுறே?" என்கிற ரீதியில் கேலி செய்வது பலிக்கவில்லை. நல்ல வார்த்தை சொல்லி விளக்குவதும் பெரிதாக உதவவில்லை. பிடித்ததோடு சேர்த்துப் பழக்குவதும், பயப்படாத பிள்ளைகளைப் பார்த்துக் கற்பதுமே நன்றாகப் பலித்தன.

அவர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். அவசரப்பட்டு முயலை நெருக்கினால் முயல் மீதான பயம் போகாது. உணவைக் கண்டாலே பயம் வந்துவிடும்.

நம் வீடுகளில் ஒரு கையால் சோற்றை ஊட்டியபடி "பூச்சாண்டி வரான்" என்கிறோம். சோற்றையும் பயத்தையும் சேர்த்தே ஊட்டும் வேலை அது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.