பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவம்

"செருப்புப் போட்டு நடன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கேட்டாத்தானே?"

அரசு மருத்துவமனை ஒன்றில், கட்டிலில் படுத்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்துச் செவிலியர் இப்படிச் சொன்னார். முந்தின நாள்தான் அந்த அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். காரணம் சர்க்கரை நோய். அம்மா பதில் பேசவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்றிருந்த நமக்கு அவருடைய பதில் தெரியும்.

அவர் குடியிருக்கும் காலனியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். சிறு வயதில் தன் தாயோடு அந்தத் தெருவில் நடந்தபோது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவர் அவர். இன்று அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுப் பழக்கமும் பயமும் அந்த அம்மாவின் காலைவிட்டுப் போகவில்லை. கழற்றித் தூக்கிக்கொண்டு நடப்பதைவிட, இல்லாமல் நடப்பது சுலபம் என்று செருப்பு வாங்குவதையே விட்டுவிட்டார். வேலையோ நடவு, களை. சேற்றில் செருப்புக்கு இடமில்லை.

ஒரு நாள் வரப்பில் சீமைக்கருவேல முள் ஏறியது. அவருக்கு வலிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் காலில் வாடை வந்தபோதுதான் மகள் பார்த்தாள். அதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன.

வலிக்காமல் போனதுதான் இந்த நோயின் சூது. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சி இழக்கும். ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும், வெந்நீர் சுட்டாலும் தெரியாது. புண் வந்தால் ஆறாது, சீழ் பிடித்து எலும்புவரை போகும். ஆனால் காலை எடுக்கும் நிலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரை முன்கூட்டியே காப்பாற்ற முடியும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும்.

அந்த அம்மாவின் நோட்டில் "செருப்பு அணியவும்" என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. அவர் ஏன் அணிவதில்லை என்று ஒருவரும் கேட்டதற்கான அடையாளம் இல்லை.

மாத்திரைக் கதையும் அப்படித்தான். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று எழுதியிருந்தார்கள். நாம் கேட்டபோது அம்மா சொன்னார்: "காலையில ஒரு டீத்தண்ணியோட ஆறு மணிக்கு நடவுக்கு இறங்கிடுவேன். சோறு பத்து மணிக்குத்தான். மாத்திரை போட்டுட்டு இறங்குனா கைகால் நடுங்கி மயக்கம் வருது. அதனால வேலை இல்லாத நாள்ல மட்டும் போடுவேன்." சர்க்கரைக்கான சில மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் அதனால் வருபவை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மருத்துவர் வேளையையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுத்திருப்பார். கேட்காததால், பிழைக்கத் தெரிந்த ஒரு பெண் சொல்பேச்சுக் கேளாதவராகப் பதிவானார்.

"அரிசியைக் குறையுங்கள், பழம் சாப்பிடுங்கள், தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள்" என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. ரேஷனில் இலவசமாகக் கிடைப்பது அரிசி. ஆப்பிளை யார் வாங்குவது? எட்டு மணி நேரம் குனிந்து நடவு நட்டவரிடம் நடைப்பயிற்சி என்றால் சிரிக்க மாட்டாரா? அதே அறிவுரையை அவர் வீட்டு அடுப்பிலிருந்து தொடங்கியிருக்கலாம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் முருங்கைக்கீரையோ கொள்ளோ வையுங்கள், டீயில் சர்க்கரையை விடுங்கள் என்று சொல்லலாம். கேழ்வரகுக் கூழ் என்றால் அளவில்லாமல் குடிக்கலாம் என்ற தவறான நம்பிக்கையையும் அப்போதே திருத்தலாம். கூழும் சர்க்கரையை ஏற்றும்.

நோயாளியின் வாழ்க்கையைக் கேட்டு, அவரோடு சேர்ந்து முடிவு செய்து, அடுத்த முறை வரும்போது "முடிந்ததா?" என்று விசாரிப்பதுதான் நல்ல ஆலோசனை. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. காலையில் நிற்கும் வரிசையையும் நாம் பார்க்கிறோம். மருத்துவருக்கும் செவிலியருக்கும் மூச்சு விட நேரமில்லை என்பது உண்மை. ஆனால் நேரமில்லாமை மட்டுமே காரணம் என்றால், அறுபது வயதுக்காரரை "நீ, வா, போ" என்று பேசுவது எதனால்? "நீங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் அதிகமாகும்? தூர நின்று சீட்டை நீட்டுவதற்கும், பாதத்தைக் கையில் ஏந்திப் பார்ப்பதற்கும் நடுவில் இருப்பது நேரம் மட்டும்தானா?

இதற்கு நேர்மாறானதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். காலனி முழுக்க வயலில் இருக்கும் பகல் பதினோரு மணிக்கு வந்தால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். நமக்குத் தெரிந்த ஒரு தன்னார்வலர் மாலையில் வருகிறார். திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பாட்டிகளின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்க்கிறார். அந்தத் தெருவில் மறைப்பதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. மாத்திரை போடாததையும் சொல்கிறார்கள், ஏன் போடவில்லை என்பதையும் சொல்கிறார்கள்.

கேட்பது நம் உரிமை. 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே, தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்து 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ காலணி அணிவதைத் தடுப்பது குற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் குற்றம். ஒரே பிரிவின் இரண்டு உட்பிரிவுகள் இவை. செருப்பும் சுகாதார நிலையமும் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். அந்த அம்மாவின் காலில் அவை இரண்டும் ஒன்றாகத்தான் சேர்ந்தன.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. முப்பது வயது தாண்டிய எல்லோரும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டாலோ, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ மறுபடி பரிசோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "எப்போது சாப்பிட வேண்டும், ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, மறுபடி எப்போது வர வேண்டும்" என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் நாற்காலியைவிட்டு எழக் கூடாது. தன்னார்வலர் காலனிக்கு மாலையில் வர வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானமாக வைக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் வரப்புவரை செருப்போடு போய், வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கலாம். கரையேறியதும் கால் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு என்றே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு இருக்கிறது, மருத்துவமனையில் கேளுங்கள். புண் எவ்வளவு சிறியதானாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். பிள்ளைப்பேறு பார்த்த நம் பாட்டிகளும் மருத்துவச்சிகள்தான். வைத்தியம் நமக்குப் புதிதல்ல. உங்களில் சிலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்றிரவு பாட்டியை உட்காரவைத்து, செல்போன் வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். பிறகு, அவர் ஏன் செருப்புப் போடுவதில்லை என்று கேளுங்கள். ஊர்த்தெருதான் காரணம் என்று சொன்னால், நாளைக் காலை அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகவே பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போங்கள்.