மலையில் நட்ட மரம், நகரில் வந்த தும்மல்

குழந்தை தும்மினால் அருகிலிருக்கும் பாட்டி "நூறு" என்று வாழ்த்துவாள். மறுபடி தும்மினால் "இருநூறு" என்பாள். இவ்வழக்கத்தை ஜப்பான் நாட்டுத் தலைநகராம் டோக்கியோவிற்கு நாம் கொண்டு செல்வோமாயின், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடியுமட்டும் பாட்டிமார்க்கு வாய் ஓயாது. அந்நாள்களில் மின்சார ரயிலில் அமர்ந்திருப்போருள் பலர் முகமூடி அணிந்து, கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பர். வானிலை அறிவிப்போர் மழை உண்டா இல்லையா என்று கூறுவதோடு, இன்று மகரந்தம் எவ்வளவு பறக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வர்.

சளி பிடித்ததோ என நாம் ஐயுறுவோம். சளியன்று, தொற்று நோயுமன்று. ஸுகி என்னும் மரத்தின் மகரந்தத்தால் விளையும் ஒவ்வாமை அது; 'அலர்ஜி' என்று மக்கள் வழங்குவதும் இதனையே.

இம்மரத்தை ஆங்கிலேயர் ஜப்பானியக் கேதுரு என அழைத்தமையால், சாலமோன் ஆலயம் எழுப்ப லெபனோன் மலையிலிருந்து வருவித்த கேதுருவே இதுவென மயங்குதல் எளிது. அது வேறு, இது வேறு. லெபனோன் கேதுரு பைன் குடும்பத்தது. ஸுகியோ சைப்ரஸ் குடும்பத்தது. நேராய் ஓங்கி வளர்ந்து எளிதில் பலகையாகும் இயல்பினால், வீடு கட்டவும் கோயில் கட்டவும் ஜப்பானியர் பன்னூறாண்டுகளாய் இதனை விரும்பினர்.

வண்டுகளை நம்பி வாழும் மலர்களுக்கு நிறமுண்டு, மணமுண்டு, தேனுமுண்டு. ஸுகிக்கு இவை வேண்டுவதில்லை. காற்றே அதற்குத் தூதன். எத்துகள் எப்பெண்பூவைச் சேரும் என்ற உறுதி இல்லாமையால், கணக்கின்றி வாரி இறைக்கின்றது. ஒரு துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கே. காற்றடிக்கும் பகலில் மலைச்சரிவிலிருந்து மஞ்சள் மேகமாய் அது எழும்போது, காட்டுத் தீயின் புகையோ என்று எண்ணத் தோன்றும். அம்மேகம் பல பத்துக் கிலோமீட்டர் கடந்து நகருக்குள் இறங்குகின்றது.

மகரந்தம் தன்னளவில் நஞ்சன்று. அதனைப் பகைவனென்று தவறாய்க் கருதும் உடல், அதற்கெதிராய் ஒரு புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கின்றது. பின்னர் அதே துகள் மூக்கின் சவ்வில் படும்போது ஹிஸ்டமின் என்னும் பொருள் வெளிப்பட்டு, நீரொழுக்கும் கண்ணரிப்பும் அடுக்குத் தும்மலும் தொடர்கின்றன. ஐ.ஜி.ஈ. என மருத்துவர் குறிக்கும் அப்புரதத்தை 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் கண்டறிந்த இஷிசாகா தம்பதியர், கிமிஷிகேயும் அவர்தம் துணைவியார் தெருகோவும், ஜப்பானியரே என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இனி நோய் வந்த கதைக்கு வருவோம். டோக்கியோவிற்கு வடக்கே நிக்கோ என்னும் ஊருக்குச் செல்லும் பழம்பாதைகளின் இருமருங்கும் 17-ஆம் நூற்றாண்டில் நட்ட ஸுகி மரங்கள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவுக்கு இன்றும் நிற்கின்றன. ஆயினும் ஸுகி மகரந்த நோயை மருத்துவ உலகுக்கு முதன்முதல் எடுத்துரைத்த அறிக்கை 1964-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதனை எழுதிய ஹொரிகுச்சி, சைட்டோ என்னும் மருத்துவர் இருவரும் ஆராய்ந்தது அதே நிக்கோ வட்டாரத்து நோயாளிகளையே. மரத்துக்கு வயது முந்நூறுக்கு மேல். நோய்க்குப் பெயரிட்டதோ நேற்று! இடையில் நடந்தது யாது?

போர் நடந்தது. போர்க்காலத் தேவைக்கென மலைகள் மொட்டையடிக்கப்பட்டன. 1945-க்குப் பின், எரிந்த நகரங்களைக் கட்ட மரம் வேண்டியிருந்தது. பெருமழையிலோ மரமற்ற சரிவுகள் இடிந்து ஊர்களை மூடின. அரசு மக்களை மரம் நட அழைத்தது. பேரரசரே கலந்துகொள்ளும் தேசிய மரநடுவிழா 1950-இல் தொடங்கியது. வெற்று மலைகளில் மட்டுமன்றி, இலையுதிர் மரங்கள் செறிந்த பழங்காடுகளை வெட்டிய இடத்திலும் ஸுகியும் ஹினோகி என்னும் சைப்ரஸும் வரிசை வரிசையாய் வைக்கப்பட்டன. இவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பசித்திருந்த நாட்டில், பேரப்பிள்ளைகள் வீடு கட்டட்டும் என்று நாற்றுக்கட்டைச் சுமந்து செங்குத்து மலையேறியவர்கள் அவர்கள். நம் நாட்டிலும் விறகுக்கெனக் கொணர்ந்து பரப்பிய சீமைக் கருவேலின் மகரந்தம் ஒவ்வாமை தருவனவற்றுள் குறிப்பிடத்தக்கதென மருத்துவர் கூறுவதை வாசகர் நினைவுகூரலாம்.

தவறு நட்டதில் இல்லை. நட்டதை மறந்ததில் உள்ளது என்பதே நம் கருத்து. முதல் அறிக்கை வந்த அதே 1964-இல் அயல்நாட்டு மரத்துக்கு வாயில் முற்றும் திறக்கப்பட்டது. கப்பலில் வந்த மரம் மலிவு. சொந்த மலையில் வெட்டிக் கீழிறக்கும் செலவுக்கே விலை கட்டவில்லை. நாட்டின் மரத் தேவையில் உள்நாட்டுக் காடுகள் அளித்த பங்கு 2002-இல் நூற்றுக்கு 19-க்கும் கீழே இறங்கிற்று. வெட்ட வேண்டிய மரம் வெட்டப்படாமல் நின்றது. நின்ற மரம் பூத்தது. ஸுகி மிகுதியாய்ப் பூக்கத் தொடங்குவது 25, 30 வயதுக்கு மேல்தான். இன்று அந்நாட்டில் ஸுகி நட்ட காடு ஏறத்தாழ 44 இலட்சம் ஹெக்டேர். மொத்த நிலப்பரப்பில் எட்டிலொரு பங்குக்குச் சற்றே குறைவு.

மரம் மலையிலிருக்க, நகரத்தார் ஏன் இத்துணை வருந்துகின்றனர்? மண்ணில் விழும் மகரந்தம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். தார்ச் சாலையிலும் சிமெண்டுத் தளத்திலும் விழுவதோ, வாகனம் செல்லுந்தோறும் மீண்டும் எழுந்து பறக்கும். இதில் வாகனப் புகைக்கும் பங்குண்டோ என்னும் ஐயம் பழையது. நிக்கோ வட்டாரத்தில் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாகனம் மிகுந்த ஸுகிச் சாலையோரம் வாழ்ந்தோரிடையே, வாகனம் குறைந்த ஸுகிக் காட்டோரத்தாரிடையே இருந்ததைவிட நோய் மிகுந்து காணப்பட்டது. டீசல் புகைத் துகள் ஒவ்வாமையைத் தூண்டவல்லதென விலங்குகளிடத்து நடத்திய சோதனைகளும் காட்டின. புகை ஒன்றே காரணமென்று முடிவுகட்டல் பொருந்தாது. எனினும், முழுப்பழியையும் மரத்தின் தலையில் சுமத்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடத்தும் அவர்தம் குடும்பத்தாரிடத்தும் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, ஸுகி மகரந்த நோயுற்றோர் 1998-இல் நூற்றுக்கு 16.2, 2008-இல் 26.5, 2019-இல் 38.8. மருத்துவர் வீட்டிலேயே இந்நிலை! குழந்தைகளிடத்தும் இது பெருகிவருகின்றது. உயிரைக் கொல்லும் நோயன்றுதான். ஆயினும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று திங்கள் உறக்கம் கெட்டு, படிப்பில் மனம் ஊன்றாது வருந்தும் பிள்ளையிடம் "வெறும் தும்மல்தானே" என்று கூறுதல் அறியாமையாகும்.

வீட்டுக்குள் நுழையுமுன் மேலாடையை உதறுகின்றனர், முகம் கழுவுகின்றனர், துவைத்த துணியை வெளியே உலர்த்தாது வீட்டுக்குள் கொடி கட்டுகின்றனர். ஹிஸ்டமினை அடக்கும் மாத்திரை துன்பத்தைத் தணிக்கின்றது. ஸுகி மகரந்தச் சாற்றையே சிறிது சிறிதாய் நாவின் அடியில் இட்டு உடலைப் பழக்கும் மருத்துவத்துக்கு 2014-இல் இசைவு கிட்டியது. பயன் நிலைக்க மூன்றாண்டுக்கு மேலும் நாள்தோறும் பொறுமையாய் உட்கொள்ள வேண்டும். வசதியுடையோர் சிலர், ஸுகி அரிதாயுள்ள ஒகினாவாத் தீவுக்கு மகரந்தக் காலத்தில் சென்று தங்குவதுமுண்டு.

2023 மே திங்களில் ஜப்பானிய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. பத்தாண்டில் மகரந்தத்துக்கு மூலமான ஸுகிக் காடுகளில் ஐந்திலொரு பங்கைக் குறைப்பது; முப்பதாண்டில் பறக்கும் மகரந்தத்தைப் பாதியாக்குவது. இதற்கென ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 ஹெக்டேரில் நடைபெற்று வந்த வெட்டை 70,000 ஹெக்டேராக்க வேண்டுமாம். முதல் அறிக்கை வந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

வெட்டிய இடத்தில் நடுவதற்கும் வழியுண்டு. மகரந்தமே உண்டாக்காத ஸுகி மரமொன்று 1992-இல் டோயாமா மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தகைய நாற்றுகளும், மகரந்தம் குறைந்த நாற்றுகளும் இப்போது வளர்க்கப்படுகின்றன. வெட்டவும் நடவும் மலையேற வேண்டியவர்களின் தொகையோ சுருங்கிவிட்டது. 1980-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வனத் தொழிலாளர் ஏறத்தாழ 1,46,000 பேர் இருந்தனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் எஞ்சியவர் 44,000 பேர். அவருள்ளும் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவர்.