காய்ச்சல் போன பின்னும் போகாத தலையிடி: பனடோல் அட்டைதான் தீர்வா?

பெரும்போக மழை இறங்கியதும் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய ஊர்களில் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஏறி இறங்குவதை நாம் அறிவோம். டெங்கு, சிக்குன்குனியா, இன்ஃபுளுவென்சா, கொவிட் என்று பெயர் எதுவானாலும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. சிலருக்குத் தலையிடி மட்டும் விடுவதில்லை.

எனது உறவுக்காரத் தாய் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. காய்ச்சல் சுகமாகி மூன்று மாதம் கடந்தும் சுபஹுக்கு எழும்பும்போதே தலை கனக்கும். தேநீரோடு இரண்டு பனடோல், அஸருக்குப் பின் இன்னும் இரண்டு. “ஸ்கேனில் ஒன்றுமில்லையே, எல்லாம் மனதில்தான்” என்று வீட்டார் சொன்னார்கள். அவர் வலியைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமல்ல. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சி இரசாயனங்கள், தலைக்கும் முகத்துக்கும் உணர்வூட்டும் நரம்புகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. கிருமி போன பின்னும் சிலரில் அந்த நிலை உடனே தணிவதில்லை. முன்பு எப்போதாவது வந்த ஒற்றைத் தலையிடி இதன் பின் அடிக்கடி வரலாம். தூக்கக் குறைவு, இரத்தசோகை, கவலை, வெயிலில் போதியளவு நீர் குடிக்காமை ஆகியனவும் சேர்ந்து வலியை நீட்டுகின்றன.

இது புதிய நோயும் அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் தினமும் தொடரும் தலையிடி 1986ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. அவ்வாறானவர்களில் ஒரு பகுதியினருக்கு அது வைரஸ் காய்ச்சலோடுதான் ஆரம்பிக்கிறது. கொவிட்டுக்குப் பின் நீடிக்கும் உபாதைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வரைவிலக்கணம் வகுத்தது. நமது நாட்டில் 2017இல் மட்டும் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். காய்ச்சலுக்குப் பிந்திய களைப்பும் தலையிடியும் எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஆறுதலான செய்தி, பெரும்பாலானோருக்கு இது சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். தணியவிடாமல் தடுப்பது பல வேளைகளில் நம் கையிலுள்ள அட்டைதான். பனடோல் போன்ற சாதாரண வலிக் குளிசையை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக எடுத்தால், அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கலாம். பல மருந்துகள் கலந்த வலிக் குளிசைகளுக்கு மாதம் 10 நாட்களே போதும். வலிக்காகக் குளிசை, குளிசையால் வலி என்று வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். அந்தத் தாய்க்கும் இதுவே நடந்திருந்தது. வைத்தியர் குளிசை எடுத்த நாட்களை எண்ணச் சொன்ன பிறகே விடயம் வெளிவந்தது. டெங்கு என்ற சந்தேகம் இருக்கும் வேளையில் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபினக் ஆகியவை இரத்தப்போக்கைத் தூண்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: வலி வந்த நேரம், தலையில் எந்தப் பக்கம், எத்தனை மணித்தியாலம் தூங்கினீர்கள், என்ன குளிசை எத்தனை. அதை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். வெறுமனே “தலையிடி” என்று சொல்வதைவிட அந்தப் பக்கம் அவருக்கு அதிகம் சொல்லும். தலையிடியைத் தடுக்க அவர் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் தரக்கூடும். மனச்சோர்வுக்கும் அதே மருந்து கொடுக்கப்படுவதால் “இது மனநோய்க் குளிசை” என்று கேள்விப்பட்டு இடையில் நிறுத்துவோர் உண்டு. அதன் பலன் தெரியவே பல வாரங்கள் செல்லும். பொறுமை தேவை.

நோன்பு காலத்தில் நீர் குறைவதாலும், பழகிய தேநீர் திடீரென நிற்பதாலும், ஸஹருக்காகத் தூக்கம் உடைவதாலும் இத்தலையிடி கூடலாம். ரமழானுக்கு முன்பே தேநீரைப் படிப்படியாகக் குறையுங்கள், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தாங்க முடியாதவர்கள் வைத்தியரிடமும் ஆலிம்களிடமும் கேட்டு முடிவெடுக்கலாம்.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது: இடி விழுந்தாற்போல் திடீரென வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், விடாத வாந்தி, பார்வை மங்குதல், கை கால் சோர்தல், வலிப்பு, தடுமாறிய பேச்சு. கர்ப்பிணிகளும், 50 வயதுக்குப் பின் முதன்முறையாக இத்தகைய தலையிடி வந்தவர்களும் தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அந்தத் தாய் வைத்தியரின் ஆலோசனைப்படி பனடோலை நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் வலி கூடியது, பின்னர் நாளுக்கு நாள் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று மாதத்தில் ஓரிரு நாட்களே வலி வருகிறது. வீட்டில் ஒருவர் தலை நோகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னால் முதலில் அவரை நம்புங்கள். அதன் பிறகு அட்டையை எண்ணுங்கள்.