தொலைவுக் கணிப்பொறிக்கு இரட்டைத் திறவுகோல்

தொலைவிலுள்ள கணிப்பொறியைத் தம் மேசையிலிருந்தே இயக்குவோர் முன்னாளில் டெல்நெட் என்னும் முறையைக் கையாண்டனர். அதில் கடவுச்சொல் மறைப்பேதுமின்றிச் சென்றது. இடையில் ஒட்டுக்கேட்பவன் அதனை அப்படியே படித்துவிடலாம். பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இத்தகைய திருட்டு நிகழ்ந்ததையடுத்து, 1995-இல் அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்.எஸ்.எச். முறையை வகுத்தார்.

இதில் திறவுகோல்கள் இரட்டையாகப் பிறக்கின்றன. பொதுத் திறவுகோல் தொலைவுக் கணிப்பொறியில் பதிக்கப்படுகிறது. பிறர் அதனைக் கண்டாலும் கேடில்லை. இரகசியத் திறவுகோலோ உரியவரின் கணிப்பொறியை விட்டு வெளியேறுவதே இல்லை. ஒவ்வொரு நுழைவுக்கும் அதனால் புதிதாக இடப்படும் கையொப்பம் மட்டுமே செல்கிறது. பொதுத் திறவுகோல் கொண்டு அது சரிபார்க்கப்படுகிறது. ஒட்டுக்கேட்பவனுக்குத் திருடத்தக்க பொருள் கிட்டுவதில்லை. எனினும் இரகசியத் திறவுகோலையும் ஒரு கடவுத்தொடரால் பூட்டிவைத்தல் நன்று. மடிக்கணிப்பொறி களவுபோதல் அரிதன்று.

திறவுகோல் அமைந்தபின் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிடலாம். இங்கு அவசரம் ஆகாது. அமைப்பை மாற்றியதும், திறந்துள்ள இணைப்பை மூடாமலே வேறொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்தல் வேண்டும். நுழைவு மறுக்கப்படின் பழைய இணைப்பின் வழியே பிழையைத் திருத்தலாம். அதையும் மூடிவிட்டவருக்குக் கணிப்பொறி உள்ள ஊருக்கே பயணம் செய்ய நேரிடும்.