அரசனோடு தேரில் வந்த அனுக்கி: தெரியுமா?

லண்டன் அரண்மனைக் காதலிகளின் கதை என்றால் வாய் பிளந்து கேட்கிறோம். நாடகக் கொட்டகையில் ஆரஞ்சு விற்ற நெல் க்வின் இரண்டாம் சார்லஸ் மன்னரின் மனதைப் பிடித்தாள், அவள் மகன் ட்யூக் ஆனான். ஏழாம் எட்வர்டின் காதலி ஆலிஸ் கெப்பலின் கொள்ளுப்பேத்திதான் இன்றைய ராணி கமிலா! சரி, நம் ராஜேந்திர சோழன் தன் காதலியைக் கோயில் கல்வெட்டிலேயே ஏற்றிவைத்தான், அது தெரியுமா?

அவள் பெயர் பரவை நங்கை. அரசனின் அனுக்கி, அதாவது அவனுக்கு மிக நெருக்கமானவள். திருவாரூரில் செங்கல்லாக இருந்த வீதிவிடங்கர் கோயில் அவள் விருப்பப்படி கற்றளியானது. விமானத்துக்குப் பொன் வேய அவள் கொடுத்தது இருபதாயிரம் கழஞ்சுக்கும் மேல்! காலம் சுமார் 1030. அரசன் தேரில் வந்தான், பக்கத்தில் அவள். இருவரும் சேர்ந்து நின்று சாமி கும்பிட்ட இடம் இன்னதென்று தெரிய அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்தார்களாம். கல்வெட்டே சொல்கிறது! கங்கை கொண்டவன், கடல் கடந்து கடாரம் வென்றவன், காதலியோடு நின்ற இடத்துக்கும் அடையாளம் வைத்திருக்கிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

இன்னும் கேளுங்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டலூர் வந்து, தெற்கே விழுப்புரம் போகிறீர்களே, வழியில் முண்டியம்பாக்கம் பக்கத்தில்தான் பனையபுரம். சம்பந்தர் பாடிய பனங்காட்டூர். அந்த ஊருக்கே அவள் பெயரால் பரவைபுரம் என்று பெயரிட்டார்கள். ராஜேந்திரன் காலத்துக்குப் பிறகும் அவனுக்கும் அவளுக்கும் படிமம் வைத்து வழிபாடு நடந்தது. அடுத்த முறை வண்டியை நிறுத்தி ஒரு எட்டு போய்ப் பாருங்கள்!

சோழர் காலத்தோடு இந்தக் கதைகள் முடியவில்லை. தஞ்சைக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம் இருக்கிறதே, அது யார் பெயர்? தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் சரபோஜியின் காதலி பெயர்! சாகும் தறுவாயில் அவள் கேட்டது தன் பெயரில் ஒரு சத்திரம் என்பார்கள். 1802-இல் எழுந்தது. அன்றைய தஞ்சைச் சத்திரங்களில் சோறு மட்டுமா? கர்ப்பிணி வந்தால் பிரசவம் பார்த்து, மருந்து கொடுத்து, மூன்று மாதம் தங்கவும் இடம் தருவார்கள். ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு சரபோஜியே 1801-இல் அப்படி எழுதியிருக்கிறார்.

அதே தஞ்சையில், சரபோஜிக்கு முன்பு ஆண்ட பிரதாபசிம்மன் அரண்மனையில், முத்துப்பழனி! அரசனின் ஆசைநாயகி, தெலுங்கில் பெரும்புலவர். 'ராதிகா சாந்த்வனம்' என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒரு காவியமே எழுதினார், ராதையின் ஆசையையும் கோபத்தையும் ஒளிக்காமல். நூலின் தொடக்கத்தில் தன் பாட்டியின் பெருமையையும் சொல்லிக்கொள்கிறார். பின்னால் வந்தவர்கள் பாடல்களை வெட்டி அச்சிட்டார்கள். பொறுப்பாரா பெங்களூர் நாகரத்தினம்மா? திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மாள்தான். சுவடியைத் தேடிப் பிடித்து 1910-இல் முழு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. தடை நீங்க, நாடு விடுதலை பெறும் காலம் வர வேண்டியிருந்தது!