உங்கள் அப்பாவுக்கு எத்தனை சைக்கிள்?

நம் வாலிபர் கூட்டங்களில் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. "அப்பா ஊரைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டார். கேட்டால், அதெல்லாம் இப்ப ஏன் எண்டு எழும்பிப் போயிடுவார்."

பலெர்மோவில் பிறந்து வளர்ந்த தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வழி சொல்கிறேன். போரைப் பற்றிக் கேட்காதீர்கள். "அப்பா, உங்களிட்டை இவ்வளவு காலமும் எத்தனை சைக்கிள் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் இந்தக் கேள்விக்கு எழும்பிப் போகமாட்டார். விரல் மடித்து எண்ணத் தொடங்குவார். என்னுடைய கணக்கு ஐந்து.

முதலாவது, அப்பாவின் ராலி. இங்கிலாந்தில் நொட்டிங்காம் நகரத்துக் கம்பனி செய்தது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சில்லு, நெஞ்சு உயரத்துக்குப் பார். சின்னப் பிள்ளைகளுக்குச் சீற் எட்டாது. ஆகவே பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் சரித்து, அரைவாசி அரைவாசியாக உழக்கிப் பழகுவோம். தமிழ்நாட்டில் இதைக் குரங்குப் பெடல் என்பார்கள். முழங்காலில் தழும்பு இல்லாமல் யாரும் சைக்கிள் பழகியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே சைக்கிளில் அப்பா ஓட, நான் பாரில், அம்மா கரியரில், தங்கச்சி அம்மாவின் மடியில் என்று ஆராதனைக்குப் போவோம். பலெர்மோவுக்கு 600 மீற்றர் உயரத்தில் மொன்தே பெல்லெகிரினோ மலை இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையென்று ஒன்றும் கிடையாது, எல்லாம் தட்டைத் தரை. சைக்கிளுக்கென்றே செய்த ஊர்.

இரண்டாவது, ஹம்பர். 1988இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு பழையதாக வாங்கித் தந்தார்கள். அதற்கு வேலை வந்தது 1990 யூனுக்குப் பிறகு. போர் மறுபடி தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி எதுவும் குடாநாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை. கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், அதற்கும் தட்டுப்பாடு. அந்த ஐந்து வருடமும் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் மரக்கறியும் அதில்தான் வந்தன. நோயாளியும் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனார். இரவில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து வன்னிப் பக்கம் போனவர்களும் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகள் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் வரிசையாகச் சைக்கிளில் போன காலமும் அதுதான். ஆகவே இந்தக் கேள்வியை அம்மாவிடமும் கேளுங்கள்.

சைக்கிளில் வானொலியும் கேட்டோம். ரயரோடு உரசிச் சுழலும் சின்ன டைனமோ, லைற் எரிய 6 வோல்ட் மின்சாரம் தரும். பற்றரி இல்லாத ஊரில் அந்த வயரை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். "டேய், சுத்தடா, முக்கியமான இடம்!" என்று எல்லோரும் கத்துவார்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ அப்படிப் பெடல் சுற்றியவராக இருக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலிகாமத்தில் இருந்தவர்கள் எல்லோரும் உடனே தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான சனம், செம்மணி நாவற்குழிப் பக்கமாக ஒடுங்கிய ஒரு பாதை, விடாத மழை. அரை மணித்தியாலத்தில் சைக்கிளில் கடக்கிற தூரத்துக்கு ஒரு முழு இரவு சென்றது. அன்று யாரும் சைக்கிள் ஓடவில்லை. உருட்டினோம். எங்களுடைய ஹம்பரின் கரியரில் அம்மாச்சி. ஹாண்டிலில் ஒரு பக்கம் அரிசிப் பை. மறுபக்கம் பொலித்தீனில் சுற்றிய காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் வேதாகமம். அந்தப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டித்தான் பிற்காலத்தில் இத்தாலியில் என் பத்திரங்களை எடுத்தேன். அது நனையாமல் வந்ததற்கு அந்தச் சைக்கிளும் ஒரு காரணம்.

1996 ஏப்ரலில் திரும்பினோம். பாரம் தாங்கி ஹம்பரின் பின் சில்லு நெளிந்து போயிருந்தது. மூன்றாவதாக ஒரு லுமாலா வாங்கினோம், இலங்கையில் செய்தது. சோதனைச் சாவடி வந்தால் இறங்கி உருட்டவேண்டும், தாண்டியதும் ஏறவேண்டும். ஓடியதைவிட இறங்கி ஏறியதுதான் அதிகம். 1997இல் கப்பலில் திருகோணமலைக்குப் புறப்பட்டபோது அதைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன்.

நான்காவதுதான் பலெர்மோச் சைக்கிள். 1999இல் பல்லாரோவுக்கு அருகே பழைய சாமான்கள் விற்கும் சந்தையில் எடுத்தேன். காலையில் ஒரு வீடு துப்புரவு, மத்தியானம் இன்னொரு வீடு. பஸ்ஸை நம்பினால் இரண்டாவது வேலை போய்விடும். பழைய நகரத்தின் கல் பாவிய வீதிகள் மழைக்கு வழுக்கும். கார்க்காரர்கள் பிச்சிக்லெத்தாவைக் கண்ணால் காண்பதில்லை. அப்படியும் மூன்று மாதம் ஓடினேன். ஒருநாள் வேலை முடிந்து கீழே வந்தால், வெட்டிய சங்கிலி மட்டும் கம்பத்தில் தொங்கியது. இத்தாலிய இயக்குநர் வித்தோரியோ தே சீக்கா 1948இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தில், சைக்கிள் பறிபோனதால் ஒரு தகப்பனுக்குக் கிடைத்த வேலையே பறிபோகும் நிலை வருகிறது. மகனையும் கூட்டிக்கொண்டு ரோம் நகரம் முழுவதும் தேடுவான். அந்தப் படத்தை ஒருமுறை அப்பாவோடு இருந்து பாருங்கள்.

ஐந்தாவதை ஒரு கிழவர் தந்தார். நான் பராமரித்த நொன்னோ. என் இத்தாலியம் அப்போது நாலு சொல். அவரோ சிசிலியப் பேச்சு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சைக்கிள் ஒன்றுதான். தன் காலத்துச் சைக்கிள் வீரர்களின் பெயர்களைச் சொல்லுவார்: கொப்பி, பர்த்தாலி. நான் ராலி, ஹம்பர் என்பேன். நடக்கமுடியாமல் போனபோது, களஞ்சியத்தில் தூசியோடு கிடந்த தன் சைக்கிளைக் காட்டி, "எடு" என்றார்.

அந்த ஜீனோ பர்த்தாலியின் கதை நமக்கு வேண்டியது. பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் பெரும் போட்டியை 1938இலும் 1948இலும் வென்றவர். இடையில் வந்த போர்க்காலத்தில், 1943 முதல் 1944 வரை, பயிற்சி செய்வதுபோல் புளோரன்சுக்கும் அசீசிக்கும் இடையே ஓடினார். சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைத்திருந்தவை, யூத மக்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளப் பத்திரங்கள். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிருக்காது. போர் முடிந்த பிறகும் அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவில்லை. 2000இல் இறந்தார். இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் அவரை 'நாடுகளிடையே நீதிமான்' என்று அறிவித்தது 2013இல்.

நம் வீடுகளிலும் அப்படிப் பேசாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீரர்கள் என்று பெயர் எடுக்கவில்லை. ஒரு தாயை, ஒரு தம்பியை, ஒரு பை அரிசியை மழையில் உருட்டிக்கொண்டு வந்தவர்கள். அதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறார்கள். சைக்கிளில் இருந்து தொடங்கலாம்.

2020 ஒக்ரோபர் 3ஆம் திகதி, கொரோனாவால் மே மாதத்தில் இருந்து தள்ளிப்போன ஜீரோ தித்தாலியா சைக்கிள் ஓட்டம் நம் மொன்ரியாலேயில் தொடங்கிப் பலெர்மோவுக்குள் வந்தது. 15.1 கிலோமீற்றர், வென்றவர் பிலிப்போ கன்னா. அந்தச் சாய்வான சைக்கிள்களைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் நம் சபையிலும் உண்டு. இப்போது உங்களிடம் மின்சாரச் சைக்கிள், மோனோபாத்தினோ எல்லாம் இருக்கிறது. நல்லது, ஓடுங்கள். தலைக்கவசத்தையும் போடுங்கள்.

இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் நாலு விஷயம் கேட்டால் போதும்: என்ன நிறம், யார் வாங்கித் தந்தது, அதில் யாரை ஏற்றினீர்கள், கடைசியில் அது எங்கே போனது. நாலாவது கேள்விக்கு அப்பா கொஞ்சம் நேரம் எடுப்பார். கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.