குளியலறைச் சாமான் விற்குமுன் வீட்டைப் பாருங்கள்

"அண்ணாச்சி, இந்தப் படத்தில இருக்கிற மாதிரியே வேணும்" என்று செல்போனை நீட்டும் வாடிக்கையாளர் இன்று தினமும் வருகிறார். சானிட்டரி, டைல்ஸ் மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடம் கழித்துவிட்ட நான் படத்தைப் பார்ப்பதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, வீட்டில யார் யார் இருக்கீங்க?"

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ராணிப்பேட்டையிலிருந்தும் வடலூரிலிருந்தும் வரும் பீங்கான், சுவருக்கு வெள்ளை டைல்ஸ். பெரும்பாலும் அவ்வளவுதான் சரக்கு. இன்று குஜராத் மோர்பியிலிருந்து லாரி லாரியாக இறங்குவதில் எத்தனை நிறம், எத்தனை அளவு! எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் வளரவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்து வருடங்களுக்கு முன் விருதுநகரில் ஒரு பழைய வீடு. தெருவாசலிலிருந்து கொல்லை வரை நீளமாக ஓடும் வீடு. மூத்த மகன் கொல்லைக் குளியலறையைப் புதுப்பித்தார். பளபளப்பு டைல்ஸைத் தரைக்கும் சேர்த்துக் கேட்டார். அது சுவருக்கான சரக்கு என்பது எனக்குத் தெரியும். கிட்டங்கியில் தேங்கிக் கிடந்த சரக்கு வேறு. வாய் திறக்காமல் பில் போட்டேன். நாலாவது மாதம் அவருடைய தாயார் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார்கள். அந்த வீட்டில் ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தரையைப் பெயர்த்து, சொரசொரப்பான மேட் டைல்ஸை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் ஆச்சி அதற்குப் பிறகு கம்பு இல்லாமல் நடக்கவில்லை.

அதன்பின் முடிந்தவரை வீட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் சரக்கு சொல்கிறேன். முதலில் மண். சாத்தூர், சிவகாசிப் பக்கம் கரிசல் பூமி. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தரை அசைந்தால் டைல்ஸ் கீறும், குழாய் இணைப்பு விட்டுப்போகும். அங்கே தரையைக் கெட்டிப்படுத்தாமல் பெரிய டைல்ஸ் போடுவது வீண். சின்ன டைல்ஸ் என்றால் கொத்தனாருக்கு வாட்டம் எடுக்கவும் சுலபம். ஐந்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்தில் பல வீடுகளில் குளிப்பது போர் தண்ணீரில். அந்த உப்பு கறுப்பு டைல்ஸில் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிடும்; ஷவரின் கண்களை அடைத்துவிடும். மாடியில் டேங்க் உயரமில்லாத வீட்டுக்கு அகல ஷவரை விற்றால், அது சொட்டத்தான் செய்யும். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் குடிக்கும். இரண்டு பொத்தான் உள்ளதில் 3 லிட்டர், 6 லிட்டரில் வேலை முடியும். தண்ணீரை விலைக்கு வாங்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விடலாமா?

வெஸ்டர்ன் குளோசெட் கேட்டால், கழிவுக்குழாய் தரையில் இறங்குகிறதா, சுவர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். தரை என்றால் எஸ் டிராப். சுவரிலிருந்து குழாயின் நடு வரை டேப் வைத்து அளந்து, 4 அங்குலமா, 9 அங்குலமா, 12 அங்குலமா என்று எழுதிக்கொள்ளுங்கள். அளக்காமல் அனுப்பிய சரக்கு அதே வண்டியில் திரும்பி வரும். வண்டிக்கூலி நம் தலையில்.

இத்தனையும் பார்த்த பிறகும் வீட்டுக்காரர் மனது என்று ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் பட்டாசு ஆலையில் வேலை. சின்ன வீடு, கையில் அளவான பணம். கணவருக்கு வீட்டுக்குள்ளேயே எல்லாம் வேண்டும். அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "சாயங்காலம் வந்தா கையிலயும் சேலையிலயும் வெள்ளிப் பொடி அண்ணாச்சி. அதோட வீட்டுக்குள்ள நுழைய முடியாது. பிள்ளை வந்து காலைக் கட்டுது." அதனால் கழிப்பறையை மட்டும், கணவரின் தகப்பனார் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடியுடன், உள்ளே வைத்தோம். குளியலறைக்குக் கொல்லைப் பக்கமாகக் கதவு. கதவருகே ஒரு குழாய், துவைகல். வேலைத் துணியை அங்கேயே அலசிப் போட்டு, குளித்துவிட்டு உள்ளே போகலாம்.

தரைக்கு, அழுக்கு தெரியாதே என்று சாம்பல் நிற மேட் டைல்ஸை எடுத்து வைத்தேன். அவள் தலையாட்டினாள். "வெள்ளை குடுங்க. பொடி கிடந்தா கண்ணுக்குத் தெரியணும், பிள்ளை தவழுது."

சாம்பலை மறுபடி அடுக்கிவிட்டு வெள்ளை மேட் டைல்ஸ் கொடுத்தேன். பின்னால் ஒன்றிரண்டு உடைந்தால் அதே நிறம் கிடைக்காது என்பதால், ஒரே ஷேடு நம்பரில் ஒரு பெட்டி கூடுதலாகவும் வண்டியில் ஏற்றி விட்டேன்.